வெறும் வயிற்றில் எடுத்த படம்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதே முறை. கல்லூரியில் எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர்கள் பிழையற எழுதச் சொல்லித் தந்தார்கள். பிறர் வீட்டுத் துயரத்தைக் கையில் எடுக்க யாருக்குப் பாத்தியதை உண்டு என்பதை அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தகரப் பட்டறைக்கு எதிர்மாடியில் குடியிருந்தவன் என்பதற்கு மேல் இந்தக் கதையில் எனக்கு இடமில்லை. எழுதலாமா என்று அந்தப் பட்டறை வீட்டுத் தாயிடம் கேட்டபோது, "எழுதுங்க. ஆனா படிக்கறவங்க உச்சுக்கொட்டிட்டுப் போற மாதிரி எழுதாதீங்க," என்றாள். இயன்றவரை அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டிருக்கிறேன். மருத்துவம் கற்ற பெரியோர்கள் என் அறியாமையைப் பொறுத்தருள வேண்டும். மற்றவற்றைப் பொறுத்தருளுமாறு நான் கேட்கவில்லை.

அந்தத் தெருவில் பொழுது விடிவதே சத்தத்தால்தான். பட்டறையின் இரும்புக் கதவு சுருண்டு மேலேறும். சற்று நேரத்தில் தகரக்காரர் சுத்தியலை எடுப்பார். பெட்டி, வாளி, புனல், புகைக்குழாய் என்று அவர் கையில் தகடு மடிந்து உருவெடுக்கும். விளிம்பு மடக்க ஒரு தாளம், மூலை திருப்ப வேறொரு தாளம். ஈயம் பற்றவைப்பது அவர் மனைவியின் வேலை. கரியடுப்பில் செருகிய இரும்பைச் சூடு குன்றுமுன் உருவி, மூட்டின்மேல் ஒரே இழுப்பாக இழுப்பாள். இரும்பு ஆறிவிட்டால் ஈயம் மணிமணியாக உருண்டோடிவிடும், மூட்டு பிடிக்காது. ஆகவே யாரோடு பேசிக்கொண்டிருந்தாலும் அவள் இடக்கை அடுப்புக்குக் கரி போட மறப்பதில்லை. தகரக்காரரின் அக்காள் கைப்பிடி பொருத்துவார். அவருடைய கைக்கு ஓய்வு உண்டு, வாய்க்குக் கிடையாது.

இந்த மூவருக்கும் நடுவே, பெரிய பெட்டியொன்றின் மூடியில் பழந்துணி விரித்துக் கிடத்தப்பட்டு வளர்ந்தது குழந்தை. சுத்தியல் விழுந்தால்தான் உறங்குவாள். விழுவது நின்றால் விழித்துக்கொள்வாள். அப்பன் மதியம் சாப்பிட உட்கார்ந்தால் வேறு யாராவது ஒரு வாளியின் அடியைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். இரவிலும் மூவரும் முறைவைத்துத் தலைமாட்டில் மெல்லத் தட்டுவார்கள். தெருவே அவளுக்கு டமாரம் என்று பெயர் வைத்துவிட்டது. "நாளைக்கு இவளைக் கட்டிக்கிட்டுப் போறவன் ராவெல்லாம் தட்டிக்கிட்டே கெடக்கணும். அவன் தூங்கின மாதிரிதான்," என்று அத்தைக்காரி சொல்லி, தாமே சிரித்துக்கொள்வார். டமாரம் பேசத் தொடங்கியபோது அப்பாவை அப்பா என்று அழைக்கவில்லை. 'டொக்' என்று அழைத்தாள்.

பிறக்கும்போதே அவள் தலை சற்றுப் பெரிதாக இருந்தது. அளந்து பார்த்த ஒருவர் இன்னொருவரிடம் அனுப்ப, அவர் வேறொருவரிடம் அனுப்ப, கடைசியில் பெரிய மருத்துவமனையின் டாக்டரம்மா ஒருவர் அந்த நோயைக் கண்டு சொன்னார். உணவிலுள்ள புரதச் சத்தில் ஒரு துணுக்கை உடைக்கும் திறன் அவள் உடலுக்கு இல்லை. உடையாமல் தேங்குவது மூளைக்கு நஞ்சு. பருப்பு, முட்டை, பால் ஆகாது. அதற்கென்று செய்த மாவைக் கரைத்துப் புகட்ட வேண்டும். இவையெல்லாவற்றையும்விட முக்கியமானதென்று டாக்டரம்மா ஒன்றைச் சொன்னார்.

"பட்டினி மட்டும் போட்டுடாதீங்கம்மா. மத்த குழந்தைங்களுக்குப் பசிச்சா அழும், அவ்வளவுதான். இவ உடம்பு பசிச்சா தன் சதையையே திங்கும். அந்தச் சதையிலயும் அதே விஷம்தான் இருக்கு."

தாய்க்கு இது சட்டென்று விளங்கிற்று. அடுப்பு அணையக் கூடாது. அன்று முதல் கரிக்குக் காட்டிய கவனத்தைக் கிண்ணத்துக்கும் காட்டினாள். நள்ளிரவில் எழுந்து, உறங்கும் வாயில் மாவுக்கரைசலை ஊற்றி, முழுங்கும் சத்தம் கேட்டபின் படுப்பாள். காய்ச்சல் வந்தால் பட்டறையைப் பூட்டிக்கொண்டு நேரே மருத்துவமனைக்கு ஓடுவார்கள். அங்கே நரம்பில் சர்க்கரை நீர் ஏற்றுவார்கள். ஆறு வயதைத் தாண்டிவிட்டால் ஆபத்து பெரும்பாலும் விலகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதுவரை காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வீட்டில் வேறு இலட்சியம் எதுவும் இல்லை.

கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை மூளையைப் படம் எடுத்தார்கள். அப்போது எம்.ஆர்.ஐ. எனும் அந்தக் காந்தக் கருவியை இயக்கியவர் ஓய்வு பெறும் வயதிலிருந்த ஒரு மனிதர். வயிறு நிறையப் புகட்டச் சொல்லி, காதை அடைத்து, துணியில் சுற்றி உள்ளே வைத்தார். கருவி டொக் டொக்கென்று இடிக்கத் தொடங்கியதும் டமாரம் கொட்டாவி விட்டாள். சுத்தியலுக்குப் பழகிய பிள்ளை என்று தகரக்காரர் கூச்சத்தோடு சொல்ல, "எங்க பொழப்புக்குன்னே பொறந்த பிள்ளை," என்று அவர் சிரித்தார். படத்தை டாக்டரம்மா ஒளிப்பலகையில் செருகி, மூளையின் ஆழத்தில் இடமும் வலமுமாக இருந்த இரண்டு சிறு மேடுகளைக் காட்டினார். நடப்பது, பேசுவது, முழுங்குவது எல்லாம் இவற்றின் பொறுப்பு; இந்த நோய் தாக்கினால் இவற்றைத்தான் தாக்கும்; இப்போது இரண்டும் நன்றாக இருக்கின்றன என்றார். தகரக்காரர் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கி, தாமே செய்த தட்டைப் பெட்டியொன்றில் வைத்துப் பத்திரப்படுத்தினார்.

டமாரத்துக்கு மூன்று வயது முடிந்தது. பட்டறை முழுக்க ஓடினாள். வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று அத்தையை அதட்டினாள். எல்லாம் சரியாகத்தான் போகிறது, இருந்தாலும் ஒருமுறை உள்ளே பார்த்துக்கொள்வோம் என்று டாக்டரம்மா இரண்டாவது படத்துக்கு எழுதிக் கொடுத்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். படத்தைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

படம் எடுக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுப்பார்கள்; ஆகவே முந்தைய இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் கொடுக்கக் கூடாது, வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்றாள். இந்தப் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாதவள் என்று தாய் சொன்னாள். எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தான் என்றது குரல். சத்தத்தில் தானாகவே உறங்கிவிடுவாள், மயக்கமே வேண்டாம் என்றாள் தாய். குரல் சிரித்துவிட்டு வைத்துவிட்டது. டாக்டரம்மா வெளியூர் போயிருந்தார். அவர் உதவியாளரை நேரில் போய்க் கேட்டதற்கு, வந்தவுடன் சர்க்கரை நீர் ஏற்ற வேண்டும் என்று டாக்டரம்மா குறித்திருக்கிறார், கவலை வேண்டாம் என்று தேறுதல் சொன்னார். அதை நம்பித்தான் அன்றிரவு அவள் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் முதல்முறையாக அடுப்பு அணைந்தது.

விடிந்ததும் போய்ச் சேர்ந்தார்கள். சுவரோரம் பெஞ்சுகள் போட்ட நீண்ட வராண்டா. ஒரு கோடியில் கனத்த கதவு. 'அமைதி காக்கவும்' என்று நான்கு இடங்களில் எழுதியிருந்தது. சர்க்கரை நீரைப் பற்றித் தாய் கேட்டதற்கு, அதைத் தொங்கவிடும் கம்பம் இரும்பு, இரும்பு உள்ளே வரக் கூடாது, முறை வரும்போது பார்த்துக்கொள்வோம் என்றார் நர்ஸ். தகரக்காரரை முதல் கதவிலேயே நிறுத்திவிட்டார்கள். தகடு வெட்டுகிறவர் கண்ணில் துகள் ஏதாவது தைத்திருந்தால் அந்தக் காந்தம் அதைப் பிடுங்கிவிடும். இந்த விதி நியாயமானது. நான் குறை சொல்லவில்லை. அவர் வாசலுக்கு வெளியே மரத்தடியில் போய் நின்றுகொண்டார். தாயும் உள்ளறைக்குப் போகக் கூடாது என்று தீர்மானமாயிற்று.

அவர்கள் முறை வந்தது. இரும்பைக் கண்டுபிடிக்கும் கைக்கருவியைக் குழந்தையின்மேல் ஓட்டியபோது அது கீச்சிட்டது. பாவாடையின் மடிப்புத் தையலுக்குள் நகத்தளவு தகரச் சீவல் ஒன்று சிக்கியிருந்தது. தலைமுடியிலும் பொடி மினுங்கிற்று. பட்டறையில் புரண்டு வளரும் பிள்ளைக்கு அது தலையெண்ணெய் போல. எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே அழைத்துப் போயிருக்கலாம். கருவியை இயக்கும் இளைஞர், குளிப்பாட்டி, துணி மாற்றிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னார்.

"வீட்டையே தூக்கிக்கிட்டு வந்துட்டீங்களாம்மா," என்றார்.

குழாயடியில் தலையைக் கழுவி, மருத்துவமனைச் சட்டை மாட்டி வந்தபோது வரிசை வளர்ந்திருந்தது. நடுவில் யாரோ ஒருவருக்கு வேண்டியவர் சக்கர நாற்காலியில் வந்து எல்லோருக்கும் முன்னால் போனார். வெயில் வராண்டாவின் பாதி வரை ஏறிற்று. டமாரம் முதலில் "மம்மு" என்று கேட்டாள். பிறகு அழுதாள். பிறகு "டொக்" என்று வாசல் பக்கம் கை காட்டினாள். தாயின் பையில் சர்க்கரை கரைத்த தண்ணீர்ப் புட்டி இருந்தது. அதன் மூடியில் கை வைத்துக்கொண்டே போய், நரம்பில் ஏற்றத்தான் நேரமில்லை, ஒரு வாயாவது நான் கொடுக்கட்டுமா என்று கேட்டாள். ஒரு வாய் இறங்கினாலும் இன்றைக்குப் படம் கிடையாது, அடுத்த முறை எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் நர்ஸ். இவளுக்குப் பசி ஆகாது என்று மறுபடி சொன்னாள். இங்கே இருக்கிற எல்லாக் குழந்தையும் பசியோடுதான் இருக்கிறது, பெற்றவர்களெல்லாம் உங்களைப் போலவா நச்சரிக்கிறார்கள் என்று கேட்டார். அவள் புட்டியைப் பைக்குள் வைத்தாள். இன்றுவரை அந்தக் கையைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டப்பட வேண்டியது அந்தக் கை அல்ல என்பது என் தாழ்மையான கருத்து.

சற்றைக்கெல்லாம் அழுகை நின்றது. டமாரம் தாயின் தோளில் தலை சாய்த்து உறங்கிவிட்டாள். அந்தப் பக்கமாகப் போன நர்ஸ் குழந்தையின் கன்னத்தைத் தட்டி, "பாத்தீங்களா, எவ்வளவு சமத்தா தூங்கறா," என்றார். தாய்க்கும் ஒரு நிமிடம் ஆறுதலாகத்தான் இருந்தது. பெஞ்சில் முதுகைச் சாய்த்து, கண்ணை மூடி, வராண்டாவைக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. தொலைவில் ஒரு செருப்பு தேய்ந்தது, அதுவும் நின்றது.

அப்போதுதான் அவள் சட்டென்று நிமிர்ந்தாள். இவள் பெற்ற பிள்ளை நிசப்தத்தில் உறங்கியதே கிடையாது.

கன்னத்தைத் தட்டினாள். காலைச் சுரண்டினாள். தலை ஈரத்துணி போலத் துவண்டு விழுந்தது. "இது தூக்கமில்ல, என் பொண்ணு இப்படித் தூங்க மாட்டா," என்று கத்திக்கொண்டு எழுந்தாள். நர்ஸ் ஓடி வந்தது குழந்தையைப் பார்ப்பதற்காக அல்ல; மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கிறது, மெதுவாகப் பேசுங்கள் என்று சொல்வதற்காக. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். சத்தம் இல்லாத இடத்தில் பிள்ளை உறங்குகிறாள் என்று அவள் குளறினாள். அதைக் கேட்டு அவருக்கு என்ன புரிந்ததோ, "தானாவே தூங்கிட்டாளே, ரொம்ப நல்லது. மருந்து மிச்சம். அப்படியே உள்ள கொண்டு வாங்க," என்றார். தோளிலிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு போனார்கள். கனத்த கதவு மூடிக்கொண்டது.

உள்ளே கருவி இடிக்கத் தொடங்கிற்று. டொக் டொக்கென்று வராண்டா அதிர்ந்தது. தாய் கதவின்மேல் காதை வைத்துக்கொண்டு நின்றாள். பைத்தியக்காரத்தனமான ஒரு நம்பிக்கை அவளைப் பிடித்துக்கொண்டது. சத்தம் நின்றதும் விழித்துக்கொள்வாள், அதுதானே பழக்கம், நின்றதும் 'டொக்' என்று கேட்பாள்.

சத்தம் நின்றது. டமாரம் விழிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் எல்லோரும் ஓடினார்கள். சர்க்கரை நீர் வந்தது, இரும்புக் கம்பமும் வந்தது. சில நாள் கழித்துக் குழந்தை கண் திறந்தபோது, கைகால்கள் அவள் சொல் கேட்காமல் முறுக்கிக்கொண்டன. வாயைத் திறந்தாள், சொல் வரவில்லை. முழுங்கத் தெரியவில்லை. மூக்கில் குழாய் செருகினார்கள்.

படத்துக்கான அறிக்கை வந்தது. மூளையின் ஆழத்திலிருக்கும் இரண்டு மேடுகளிலும் பாதிப்பு. இது குழந்தைக்கு உள்ள நோயோடு ஒத்துப்போகிறது என்று இரண்டே வரி. படப் பிரிவின் தலைவரைப் பார்க்கத் தகரக்காரர், மனைவி, அக்காள் மூவரும் போனார்கள். தலைவர் உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். மிகவும் மரியாதையானவர். இந்த நோயின் இயல்பே இதுதான், இன்றில்லாவிட்டால் நாளை வந்திருக்கும், யாரும் யாரையும் நொந்துகொள்வதற்கில்லை என்றார். தாமதம் நேர்ந்ததுகூடத் துணியில் தகரம் இருந்ததனால்தான் என்று கேள்விப்பட்டதாக, நோகாமல், எடுத்துச் சொன்னார்.

அத்தைக்காரிதான் முதலில் வாய் திறந்தார். "ஏன் தம்பி, எங்க தகரத்தைக் கண்டுபிடிக்க ஒரு கருவி வெச்சிருக்கீங்களே, பசியைக் கண்டுபிடிக்க ஒண்ணு இல்லையா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தாய் எழுந்து மேசையருகே போனாள்.

"நோயோட இயல்புன்னு சொல்றீங்க. அந்த நோய் மூணு வருஷமா என் வீட்டுலதான் சார் இருந்துச்சு. வேளா வேளைக்குச் சோறு போட்டு வெச்சிருந்தேன். அது பாட்டுக்குக் கெடந்துச்சு. உங்க வராண்டாவுக்கு வந்தப்பதான் அதுக்குப் பசிச்சுது."

தலைவர் மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகச் சொன்னார். மேலிடம் எங்கே இருக்கிறது என்று தகரக்காரர் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணத்தில்தான் கேட்டார்.

ஊர் திரும்பிய டாக்டரம்மா இரண்டு படங்களையும் ஒளிப்பலகையில் பக்கம் பக்கமாகச் செருகினார். பழைய படத்தைத் தகரக்காரர் தம் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார். தாய்க்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றில் இருந்த மேடுகள் மற்றொன்றில் சுட்ட தழும்பு போல வெளுத்துக் கிடந்தன. டாக்டரம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, இது அன்றைக்குப் பட்ட அடி, புத்தம் புதியது, அன்று காலையில் எடுத்திருந்தால் இப்படி இருந்திருக்காது என்றார். கண் கலங்கியிருந்தது, நல்லவர்தான்.

"இதையே கதவைத் திறந்து வெச்சுக்கிட்டுச் சொல்லுங்க டாக்டரம்மா," என்றாள் தாய்.

டாக்டரம்மா ஒளிப்பலகையின் விளக்கை அணைத்தார். இந்த மருத்துவமனையில் அந்தப் படப் பிரிவினர்தான் படமெடுக்க வேண்டும், இனி வரப்போகும் குழந்தைகளுக்கும் இவர்களிடம்தான் போயாக வேண்டும் என்று ஏதோ சொன்னார். அந்த வாக்கியத்தை அவரே முடிக்கவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளன்று இன்னொன்றும் நடந்தது. குழந்தையின் கட்டிலைச் சுற்றி மாணவர்கள் சிலர் நின்றார்கள். அவர்களை அழைத்து வந்த ஆசிரியர், இந்த நோயில் இத்தனை தெளிவான படம் கிடைப்பது அபூர்வம், பொதுவாகக் குழந்தைகள் அசைந்து கெடுத்துவிடுவார்கள், இவள் கொஞ்சம்கூட அசையவில்லை என்று வியந்தார். மாணவியொருத்தி அதைக் குறித்துக்கொண்டு, எப்படி அசையாமல் இருந்தாள் என்று கேட்டாள். நல்ல கேள்வி. ஆசிரியர் கட்டிலோரம் நின்ற தாயைப் பார்த்துப் புன்னகைத்து, "சமத்துக் குழந்தை," என்றார்.

தாய் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த மாணவியைப் பார்த்தாள்.

"சமத்தில்லம்மா. பசி. அதையும் எழுதிக்கோ," என்றாள்.

மாணவி ஆசிரியரைப் பார்த்தாள். பேனாவை மூடிவிட்டாள்.

இனி, இழந்தவற்றைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

நடை போயிற்று. தானாக உட்காரும் இடுப்பும், கிண்ணத்தைப் பிடிக்கும் இரண்டு கைகளும் போயின. முழுங்குவது போயிற்று. மம்மு, அத்தை, வா, போ, தா, எனக்கு, டொக் ஆகிய சொற்களும், அன்றாடம் புதிதாக வந்து சேர்ந்துகொண்டிருந்த மற்றச் சொற்களும் போயின. புரிந்துகொள்வது போகவில்லை. யார் என்ன பேசினாலும் அவள் கண்கள் பின்தொடர்கின்றன.

சத்தம் கேட்டு உறங்கும் வரம் போயிற்று. இப்போது ஒரு சுத்தியல் அடி விழுந்தாலும் அவள் உடல் வில்லாக வளைந்து விறைத்துக்கொள்கிறது. ஆகவே பட்டறை போயிற்று. தகரக்காரர் வேறொரு தெருவில் வேறொருவர் பட்டறையில் தட்டுகிறார். அவர் மனைவியின் கரியடுப்பு கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அத்தைக்காரி கிசுகிசுவென்று பேசுகிறார், கேலி பேசுவதில்லை. எங்கள் தெருவில் விடியும் சத்தம் போயிற்று.

படம் மட்டும் பழுதில்லாமல் இருக்கிறது.